குதிகால் நனையாதவர்

இரவு ஒன்பது இருபது. உத்திரமேரூரில் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் தம்பி ஆல்பர்ட் என் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியைத் தன் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டான். கிளாரினெட் பெட்டியைத் தோளில் மாட்டினான்.

"வர்ட்டாக்கா?"

"வூட்டுக்குப் போய் போன் பண்ணு."

மாடிப்படி இறங்கிப் போனான். அவ்வளவுதான்... அதற்குப் பிறகு நான் அவனை நடமாட்டமாகப் பார்க்கவில்லை.

சாலவாக்கம் போகிற சாலையில் கூட்டு ரோட்டில் இறங்கி, உள்ளே இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் ஏரிக்கரை, மறு பக்கம் நெல் வயல். வழியில் விளக்குக் கம்பம் ஆறு. எரிவது ஒன்று. ஏரி நிறைந்து, உபரி நீர் போகும் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் தரைப்பாலத்தின் மேலேயே ஓடும். அந்த நாட்களில் ஊர்க்காரர் யாரும் அந்த வழியில் வர மாட்டார்கள். கூட்டு ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இந்தக் கதையை முதலில் இருட்டில்தான் சொன்னேன். போன மாதம், அவன் இறங்கிப் போன அதே மாடி அறையில். மின்சாரம் போய், படம் பாதியில் நின்றுவிட்டது. வெளியே நல்ல மழை. தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் யாரோ ஒரு கைப்பேசி வெளிச்சத்தை வைத்தார்கள். பத்துப் பேர் அதைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தோம். "பேய்க் கதை சொல்லுங்க மிஸ்" என்றார்கள். இந்த மாதிரிக் கதைகள் எப்போதும் தெரிந்தவரின் உறவினர் யாருக்காவதுதான் நடந்திருக்கும், இல்லையா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "என் தோழி ஒருத்தியோட தம்பி..."

இருட்டுக்குள்ளிருந்து, எங்களோடு படம் பார்க்க வருகிற ஏகாம்பரம் சார் குரல் வந்தது. "தோழியெல்லாம் வேணாம் பிரிஸ்கில்லா. உன் தம்பின்னே சொல்லும்மா."

அப்புறம் சொன்னேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்ரீகாந்த் நடத்துகிற டியூஷன் சென்டரில் நான் ஆங்கிலம் எடுக்கிறேன். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாடி அறையில் வெள்ளைச் சுவர் மேல் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார். பதினைந்து பேர் வந்தால் அதிகம். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. படம் முடிந்ததும் பேசுவோம். பெரும்பாலும் நான்தான் பேசுவேன்.

அன்றைக்கு ஒரு ஜப்பானியப் படம். கறுப்பு வெள்ளை. கடலோரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு கிழவி தன் நிழலைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவாள். வீடுகளுக்குள் அலை வந்து போகும், ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த ஊருக்குள் ஒரு இசைக்காரர் வருவார். சதுரமாகத் தோல் கட்டிய வாத்தியம், மூன்று நரம்பு. கட்டைச் செருப்பு. டொக்... டொக்... நரம்பில் ஒரு அறை. டங். மறுபடி டொக்... டொக்... எப்போதும் முதுகுதான் தெரியும். முகத்தைக் காட்டவே இல்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வீட்டை விட்டு வந்து நடப்பார்கள். எங்கே போனார்கள் என்று படத்தில் இல்லை.

அவருக்கு வசனமும் இல்லை. அதனால் அவர் வருகிற இடங்களில் எனக்கு வேலை இல்லை. சும்மா இருந்திருக்கலாம்.

அன்று ஆல்பர்ட்டும் வந்திருந்தான். அவன் எங்கள் பக்கத்து பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவன். கல்யாணமும் உண்டு, ஆனால் சாவுதான் அதிகம். மதியம் உத்திரமேரூரிலேயே ஒரு சாவுக்கு வாசித்துவிட்டு வந்தான். வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. மழை விடுகிற வரை இங்கே உட்காருகிறேன் என்று கடைசி வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

படம் முடிந்தது. அந்த இசைக்காரர் யார் என்று பேச்சு வந்தது.

"எமன்தான். வேற யாரு?" என்றார் ஏகாம்பரம் சார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எமன்னா எரும எங்க சார்?" என்றாள் தேவகி. கிளினிக் ஒன்றில் நர்ஸ்.

"ஜப்பான்ல எரும வெல ஜாஸ்தி. நடந்தே போடான்னு அனுப்பிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஆல்பர்ட் பேசினான்.

"அவரு யாரும் இல்ல சார். முன்னாடி வாசிக்கிறவரு. அவ்ளோதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் கூச்சம் இல்லை. நன்றாகவே விளக்கினான். "பொணத்துக்கு முன்னாடி வாசிச்சிக்கினு போறப்ப நாங்க ரோட்டப் பாக்க மாட்டோம் சார். பூவு கெடக்கும், பட்டாசு வெடிக்கும், குட்ச்சிட்டு ஆட்றவன் மேல வந்து வியுவான். அதெல்லாம் பாத்தா வாசிப்பு போயிடும். முன்னாடி போறவரு குதிகால மட்டும் பாப்போம். அது நடந்தா நடப்போம். நின்னா நிப்போம். பள்ளம் மேடு அவரு பாத்துக்குவாரு. இந்தப் படத்துலயும் பாருங்க, கேமரா அவரு குதிகாலயேதான் பாக்குது. எடுத்தவனுக்கு பேண்டு செட் தெரியும்."

அந்த அறையில் யாரும் இவ்வளவு சரியாக அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இப்போது எனக்குத் தெரிகிறது.

அப்போது எனக்கு வேறு ஒன்றுதான் தோன்றியது. என் தம்பி சாவுக்கு வாசிப்பவன் என்று அங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. "மியூசிக்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். யாரும் எதுவும் கேட்டுவிடுவதற்குள் பேச்சை மாற்ற வேண்டும்... அதனால் எழுந்து நின்றேன்.

"அவர் எமன் இல்ல. வழி தவறினவங்கள வீட்டுக்குக் கூட்டிப் போறவர். நல்லாப் பாத்தீங்கன்னா, அவர் பின்னால போகாதவங்கதான் படத்துல அழிஞ்சு போறாங்க. முகம் காட்டாதது ஏன்னா, வழிகாட்டறவங்களுக்கு முகம் தேவையில்ல."

கைதட்டினார்கள். ஏகாம்பரம் சார்கூட, "நான் தோத்தேன்" என்றார். படத்தில் அப்படி எதுவுமே இல்லை. அங்கேயே, அந்த நிமிடத்தில் கட்டியது.

ஆல்பர்ட் மட்டும் கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் கலைந்த பிறகு வாசல் அருகே வந்து மெதுவாகக் கேட்டான்.

"மெய்தானாக்கா? வூட்டாண்ட கொண்டு போய் வுடுவாரா?"

"பட்ச்சவ சொல்றேன், இல்லாமயா சொல்வேன்?"

தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் கடலைப் பொட்டலம், மாடிப்படி.

பத்து மணி நான்கு நிமிடத்துக்கு அவன் அழைத்தான். மழை நின்றிருந்தது. நான் உத்திரமேரூரில் என் வீட்டில், அந்த இசைக்காரரைப் பற்றி நான் சொன்னதை எங்கள் வாட்ஸப் குழுவில் அழகாக எழுதிப் போட்டுவிட்டு, வருகிற இதயப் படங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அக்கா... முய்ச்சிக்கினு கீறியா?"

"சொல்றா. பூட்டியா வூட்டுக்கு?"

"இல்லக்கா. ஏரிக்கர மேல கீறேன்." மூச்சு வாங்கினான். குரலைத் தாழ்த்தினான். "யாரோ வாசிச்சிக்கினு போறாங்கக்கா."

"இந்நேரத்துக்கா? யாரு?"

"தெர்ல. எனக்கு முன்னாடி போறாரு. படத்துல வந்தாரே, அந்த மாரி... மூணு நரம்பு. கட்ட செருப்பு. டொக்கு டொக்குன்னு கேக்குது."

"குட்ச்சிக்கினு கீறியாடா?"

"அம்முலு மேல சத்தியமா இல்ல." அம்முலு அவன் மனைவி. அப்போது ஐந்து மாதம். "தோலு காய்ச்சற வாசன வர்துக்கா. இவ்ளோ ஈரத்துல எவன் நெருப்பு போட்டான்?"

தப்பட்டைத் தோலை வைக்கோல் தீயில் காட்டுவார்களே, அந்த வாசனை. சிறு வயதிலிருந்து எங்களுக்குப் பழகியது. ஏரிக்கரையில் அப்போது ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு இல்லை.

திரையில் இன்னொரு இதயம் வந்தது. பார்த்தேன்.

"தரப்பாலத்துல தண்ணி வர்தான்னு தெர்லக்கா. அம்முலு சுத்திக்கினு வான்னு சொன்னா. நான்தான் ஆறு கிலோமீட்டர் யாரு நடக்கறதுன்னு இப்டி வந்துட்டேன். ஆனா அவரு பாலத்து மேலயே போய்க்கினு கீறாரு. டார்ச் அட்ச்சிப் பாத்தேன். குதிகால் காஞ்சி கீது. தண்ணி இருந்தா நனையும்ல? இன்னாக்கா பண்ட்டும்? பின்னாடியே போவட்டா, திரும்பி சுத்திக்கினு போவட்டா?"

உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்த டார்ச்சைத் தரையில் அடித்திருப்பார்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். அவன் பேண்டு செட்காரன். பன்னிரண்டு வருடப் பழக்கம். குதிகாலில்தான் அடித்தான்.

அப்போதும் அவன் போகவில்லை, கவனியுங்கள். நின்றான். நின்று என்னைக் கேட்டான்.

"பின்னாலயே போ" என்றேன். "வூட்டாண்ட வுட்டுடுவாரு."

நிதானமாக, அக்கறையாகத்தான் சொன்னேன். என் நினைவில் அப்படித்தான் இருந்தது.

"சரிக்கா" என்றான். நான்தான் முதலில் வைத்தேன்.

பதினொன்றரைக்கு அம்முலு கூப்பிட்டாள். விடியும்வரை தேடினார்கள். தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். சாயந்திரம் ஏழு மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்ததாம். காலையில் கயிறு கட்டி இறங்கினார்கள். மதியம், பாலத்துக்குக் கீழே கோரைப் புல்லில் கிடைத்தான். பெட்டி தோளிலேயே இருந்தது. பூட்டு திறக்கவில்லை.

கண் மூடவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. இரண்டும் கீழே... இரண்டடி முன்னால் எதையோ பார்ப்பது மாதிரி.

அவன் அடக்கத்துக்கு அவனுடைய செட்டே வாசித்தது. முன்னால் வாசித்துப் போனவர் இருசப்பன். ஆல்பர்ட்டைப் பதினான்கு வயதில் செட்டில் சேர்த்தவர். கல்லறைத் தோட்டத்து வாசலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கண்ணப் பாத்தியாம்மா?"

தலையாட்டினேன்.

"யாரு குதிகாலயோ பாத்துக்கினே போயிருக்கான். ஆனா ஒண்ணு சொல்றேன். தெரியாத ஆளு பின்னாடி எம் புள்ள போவ மாட்டான். கெட்டியா நிப்பான். இவரு நல்லவரு, போ நைனான்னு யாராச்சும் சொல்லியிருக்கணும்."

நான் தரையைப் பார்த்தேன்.

அம்முலு அன்று ராத்திரி கேட்டாள். அழுது குரல் போயிருந்தது. "கடசியா ஒங்களுக்குத்தான் அண்ணி போன் போயிருக்குது. இன்னா சொன்னாரு?"

"சிக்னல் இல்ல அம்முலு. ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமே கேக்கலயா?"

"ஒண்ணுமே கேக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்... அவள், எனக்கு.

டியூஷன் விசாரிக்க வருகிற அழைப்புகள் பதிவாகட்டும் என்று ஸ்ரீகாந்த் என் கைப்பேசியில் ஏதோ செய்து வைத்திருந்தார். எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். அது எனக்கு நினைவு வர முப்பது நாள் ஆனது. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு தேடினேன். இருந்தது. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

முதல் தடவை கேட்டபோது அவன் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் தவளைச் சத்தம். அவன் செருப்பு சேற்றில் ஒட்டி எடுக்கிற சத்தம். வேறு எதுவும் இல்லை. நரம்பும் இல்லை, கட்டைச் செருப்பும் இல்லை. பிரமைதான், பாவம், என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டேன். தவளைச் சத்தத்துக்கு அடியில்... டொக். டொக்.

அதற்கு அடுத்த முறை நரம்பு.

கைப்பேசியைத் தூக்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. எடுத்தேன். கேட்டேன். வாத்தியம் இன்னும் கிட்டே வந்திருந்தது. அதோடு ஒரு கிளாரினெட்டும் சேர்ந்துகொண்டது. ஆல்பர்ட் வாசிப்புதான், எனக்குத் தெரியாதா? இழுத்து முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன நடுக்கம் வரும். ஆனால் அவன் கையில் போன். கிளாரினெட் பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு.

வாத்தியம் ஏற ஏற அவன் பேச்சு இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் "அம்முலு மேல சத்தியமா" போயிற்று. பிறகு தோல் காய்ச்சுகிற வாசனை. பிறகு "இன்னாக்கா பண்ட்டும்". ஒரு தடவை கேட்டால் ஒரு வரி குறைகிறது என்று புரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. என் தம்பியின் குரலை நானே கேட்டுக் கேட்டுத் தீர்த்தேன்.

இவ்வளவையும் அந்த இருட்டில் சொல்லி முடித்தேன். பாட்டில் வெளிச்சம் சுவரில் ஆடியது. தேவகி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

ஏகாம்பரம் சார் தொண்டையைச் செருமினார். "எமன்னு நான் வெளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன். கைய தட்டிட்டு உட்காந்துட்டேன். அது என்னையும் அரிக்குது." என் பக்கம் திரும்பினார். "எங்களுக்குச் சொன்னது போவட்டும். அந்தப் பொண்ணுக்குச் சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்ப இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஊருக்குப் போனேன். சுற்று வழியில்தான். அம்முலு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே தூங்கியது. பொய் சொன்னேன் என்று சொன்னேன். அன்று ஆல்பர்ட் பேசினான், நானும் பேசினேன், பதிவு இருக்கிறது என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவன் குரலைக் கேட்கப் போகிற சந்தோஷம்.

"போடுங்கண்ணி. சீக்கிரம் போடுங்க."

போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மெல்லப் புருவம் சுருங்கியது. கைப்பேசியைக் காதோடு வைத்து அழுத்தினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல அவரு எங்கண்ணி?"

"பேசறான் அம்முலு... மொத மொத சன்னமாத்தான் கேக்கும்..."

"இல்ல. ஏதோ வாசிக்கிறாங்க. அப்பால நீங்க பேசறீங்க. நீங்க மட்டும்தான் பேசறீங்க." கைப்பேசியை என் மடியில் வைத்தாள். "யார பின்னாலயே போவச் சொல்றீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். படம், கைதட்டல், குதிகால். அவன் நின்றது. கேட்டது. நான் சொன்னது.

அவள் கத்தவில்லை. ஏசவில்லை. துணி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பொறுமையாக, குழந்தை எழுந்துவிடாத மாதிரி.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. பதிவை அழிக்கவும் இல்லை. நேற்றும் கேட்டேன். தவளைச் சத்தம் போய்விட்டது. சேற்றுச் சத்தம் போய்விட்டது. கட்டைச் செருப்பும் இப்போது நின்றுவிட்டது. வாத்தியம் இரண்டும் காதுக்குள்ளேயே வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அடுத்த முறை என் குரலும் போய்விடும், போய்விட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

போகவில்லை. நான்கு நிமிடம் இரண்டாவது விநாடியில், "பின்னாலயே போ" என்று சொல்வதற்குச் சற்று முன்னால், நான் சிரிக்கிறேன். சிரித்தது எனக்கு நினைவிலேயே இல்லை. ஆனால் பதிவை முதல் நாள் கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே, அதே நீளத்துக்கு, அந்தச் சிரிப்பு அங்கேயே இருக்கிறது.